கொள்ளிடக் கரை ஏற எத்தனை கியர் வேண்டும்? ஆறு கியர் ஆட்டோமேட்டிக்கில் 52,000 கிலோமீட்டர்

என் காரின் டிக்கியில் எப்போதும் பன்னிரண்டு கால்சியம் பாட்டில்கள் இருக்கும். கன்று போட்ட மாடு பால் காய்ச்சலில் சாய்ந்துவிட்டால் நரம்பில் ஏற்றுவதற்கு. எல்லாம் கண்ணாடி பாட்டில்கள். பக்கத்தில் ஒரு திரவ நைட்ரஜன் கேன், சினை ஊசிக்கான உறைவிந்துக் குச்சிகளோடு. உள்ளே மைனஸ் 196 டிகிரி. அது சாயக் கூடாது. வண்டி லேசாக உதறினால் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்து 'கிணுங்' என்று சத்தம் போடும். கொஞ்சம் பலமாக உதறினால் நான் ஓரம் கட்டி, இறங்கிப் போய், கேன் நிமிர்ந்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு கியர் பாக்ஸ் நல்லதா கெட்டதா என்று சொல்ல என்னிடம் இருக்கும் கருவி இதுதான்.

கால்நடை மருத்துவர் நான். அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றாகிவிட்டது. ஆனால் திருப்பனந்தாள், பந்தநல்லூர் பக்கம் மாடு வைத்திருப்பவர்கள் எனக்கு இன்னும் ஓய்வு கொடுக்கவில்லை. தினமும் அறுபது எழுபது கிலோமீட்டர் ஓட்டுகிறேன். 2016-இல் ஒரு எருமை உதைத்ததில் இடது முழங்கால் ஜவ்வு போனது. உதைத்த எருமை மேல் எனக்குக் கோபமில்லை, அதற்கு வலி. ஆனால் அதற்குப் பிறகு கிளட்ச் மிதிப்பது என்பது முடியாத காரியமாகிவிட்டது. அப்படித்தான் ஆட்டோமேட்டிக் வண்டிகள் வீட்டுக்குள் வந்தன. இதுவரை மூன்று: ஐந்து கியர், நாலு கியர், இப்போது ஆறு கியர். தங்கையின் மின்சார வண்டியையும் அடிக்கடி ஓட்டுவதால் ஒரு கியரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கம்பெனிப் பெயர்களைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் பேச்சு கியர் பாக்ஸை விட்டுவிட்டு 'எங்க கம்பெனி, உங்க கம்பெனி' என்று போய்விடும். நான் எழுத வந்தது பெட்டியைப் பற்றி.

என் வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். கார் வாங்கப் போனால் வண்டியைப் பார்க்க மாட்டார், கையில் கொடுக்கும் விளம்பர மடிப்பைத்தான் பார்ப்பார். எண் பெரிதாக இருந்தால் வண்டி பெரிது. "ஏம்மா, அதுல ஏழு கியர் இருக்கு, இதுல ஆறுதான். ஒரு கியர் குறையுதே, விலையில குறைச்சாங்களா?" என்று ஷோரூமில் வைத்தே கேட்டார். பதில் சொல்ல வேண்டிய பையன் என்னைப் பார்த்தான். நான் வெளியே நின்ற வண்டியைப் பார்த்தேன்.

அவர் கேட்டதில் தப்பில்லை. ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். கியர் கூடக்கூட வண்டி உசத்தி என்றால், சரித்திரமும் ஒரே சீராக மேலே ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. பெருமளவில் விற்ற முதல் முழு ஆட்டோமேட்டிக், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் காரில் வந்த ஹைட்ராமேட்டிக். அதற்கு நாலு கியர். பத்து வருடம் கழித்து, 1950-இல், அதே ஜெனரல் மோட்டார்ஸ் செவர்லேயில் பவர்கிளைடு என்று ஒரு பெட்டியைப் போட்டது. அதற்கு இரண்டே கியர். நாலிலிருந்து இரண்டுக்கு இறங்கியிருக்கிறார்கள், அதைப் புதுமை என்றும் விற்றிருக்கிறார்கள்.

காரணம் டார்க் கன்வர்ட்டர். எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே எண்ணெய் நிரம்பிய ஒரு உருண்டை. உள்ளே எதிரும் புதிருமாக இரண்டு விசிறிகள். ஒன்று எண்ணெயைச் சுழற்றி அடிக்கும், மற்றது அந்த வேகத்தில் சுழலும். ஹைட்ராமேட்டிக்கில் இருந்தது அவ்வளவுதான். எண்ணெய் வழியே சுழற்சியைக் கடத்தும், கூட்டித் தராது. டார்க் கன்வர்ட்டரில் நடுவே இன்னொரு சிறிய விசிறி உண்டு. திரும்பி வரும் எண்ணெயை அது திசை மாற்றி அனுப்புவதால், கிளம்பும் நேரத்தில் எஞ்சின் கொடுக்கும் இழுவை ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அதாவது அந்த உருண்டையே ஒரு கியர் வேலையைப் பார்த்துவிடுகிறது. பல்சக்கரம் குறைந்தாலும் வண்டி நகரும். ஆனால் எண்ணெய் வழுக்குவதில் பெட்ரோல் வீணாகும், சூடு ஏறும். பெட்ரோல் அங்கே மலிவாக இருந்த காலம், யாரும் கவலைப்படவில்லை.

இதை நான் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "அப்ப உன் முழங்கால் நல்லா இருந்தா எத்தனை கியர் வேணும்?" என்றார். வாத்தியார் கேள்வி. விட்டுவிட்டேன்.

முதல் வண்டி ஐந்து கியர் ஏ.எம்.டி. 2014-இல் மாருதி செலேரியோ மூலம் இந்தியாவுக்கு வந்து எல்லோருக்கும் ஆட்டோமேட்டிக் எட்டும்படி செய்த தொழில்நுட்பம் இது. நான் வாங்கியது அந்த வண்டி அல்ல, 2017-இல் வேறொன்று. இதில் டார்க் கன்வர்ட்டர் கிடையாது. சாதாரண மேனுவல் கியர் பாக்ஸ், சாதாரண கிளட்ச். நம் காலும் கையும் செய்வதை ஒரு இயந்திரக் கை செய்கிறது. விலை குறைவு, மைலேஜும் மேனுவல் அளவுக்குக் கிடைக்கும். கும்பகோணத்திலிருந்து ஆடுதுறை போய் வருவதற்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு கியருக்கும் வண்டி ஒரு நொடி மூச்சை நிறுத்தி, தலையை முன்னால் சாய்த்து, பிறகு போகும். பாட்டில்கள் நாலு தடவை கிணுங்கும். ஒன்றிலிருந்து ஐந்துக்குப் போக நாலு மாற்றம். எண்ணிக்கை சரியாக வரும், வீட்டுக்காரருக்கு அது பிடித்திருந்தது. நைட்ரஜன் கேனை நான் அரிசிச் சாக்கால் முட்டுக்கொடுத்து, கயிறு போட்டுக் கட்டி வைத்தேன்.

சாலையில் நெல் காயும் மாதங்களில்தான் அது படுத்தும். குறுவை அறுப்பு முடிந்தால் எங்கள் பக்கத்துக் கிராமச் சாலைகளில் பாதிக்கு நெல், பாதிக்கு வண்டி. பதினைந்து கிலோமீட்டர் வேகம். ஒன்றா இரண்டா என்று பெட்டிக்கு முடிவெடுக்க வராது. ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு. நெல்லைக் கிளறிக்கொண்டிருக்கும் அம்மா நிமிர்ந்து பார்ப்பார், டாக்டரம்மாவுக்கு ஓட்டத் தெரியவில்லை போலிருக்கிறது என்று.

உண்மையான தொல்லை கரை ஏற்றம். காவிரிச் சமவெளி தட்டை என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் சொல்வேன். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் நாற்பது கிலோமீட்டர். அதில் நிலம் உயர்வது ஏறக்குறைய கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்தான். மேட்டூரில் திறக்கும் தண்ணீர் தானாகக் கடல் வரை போய்ச் சேர அந்தச் சரிவு போதும், காருக்கு அது ஏற்றமே இல்லை. ஆனால் ஆற்றங்கரை அப்படியல்ல. கொள்ளிடம் வெள்ளத்தை வாங்கிக்கொண்டு போகும் ஆறு, அதனால் கரையை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். மாடுகள் இருப்பது பெரும்பாலும் கரைக்கு உள்ளே, படுகையில். கரை ரோட்டிலிருந்து படுகைக்கு இறங்கும் மண் பாதை ஒரு மாடிப்படி மாதிரி. இறங்குவது சுலபம். ஏறுவதில்தான் ஒரு கியர் பாக்ஸின் குலம் கோத்திரம் எல்லாம் தெரியும்.

2019 ஐப்பசி, இரவு இரண்டு மணி. அணைக்கரைக்குக் கிழக்கே ஒரு படுகையில் கன்று தலை மடங்கிக் கிடந்த ஜெர்சிக் கலப்புப் பசு. கன்றை எடுத்துவிட்டோம், தாயும் பிழைத்தது. திரும்பும்போது மழை. வண்டியில் நான், உதவிக்கு வந்த பையன், கூடவே அந்த வீட்டுக்காரர்கள் ஏற்றிவிட்ட ஒரு வாழைத்தார். பாதி ஏற்றத்தில் எதிரே ஒரு டிராக்டர். நிறுத்த வேண்டியதாயிற்று. அது ஒதுங்கிய பிறகு பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி பின்னால் உருள்கிறது. பின்னால் வாய்க்கால். ஆக்சிலரேட்டரை மிதித்தேன். நின்ற இடத்திலேயே உறுமியது. மெல்ல ஏறியது. மேலே வந்ததும் காருக்குள் கருகல் நாற்றம், ரப்பர் டயரை எரித்த மாதிரி. பன்னிரண்டு பாட்டில்களில் மூன்று உடைந்திருந்தன.

அப்புறம் இரண்டு மாதத்தில் கிளட்ச் மாற்றினேன், 46,000 கிலோமீட்டரில். அப்போதுதான் மெக்கானிக் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். "ஏத்தத்துல ஆக்சிலேட்டர வச்சு வண்டியப் புடிச்சு நிறுத்தாதீங்க டாக்டரம்மா. ஹேண்ட் பிரேக் போட்டு எடுங்க. உள்ள இருக்கறது சாதா கிளட்ச்சுதான், தேயும்." இதை விற்றவர்கள் முதல் நாளே சொல்லியிருக்கலாம். இப்போது வரும் ஏ.எம்.டி. வண்டிகள் பலவற்றில் ஏற்றத்தில் ஓரிரு நொடி பிரேக்கைப் பிடித்துவைக்கும் வசதி இருக்கிறது. என்னுடையதில் இல்லை. ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு ஏ.எம்.டி. இன்றைக்கும் கொடுத்த காசுக்குத் தகுந்த பொருள்தான், அதை நான் மறுக்க மாட்டேன். படுகைக்குள் இறங்குகிறவர்களுக்கு இல்லை.

2020-இல் அதைக் கொடுத்துவிட்டு, இரண்டாம் கையாக ஒரு நாலு கியர் டார்க் கன்வர்ட்டர் வண்டி வாங்கினேன். வீட்டுக்காரருக்கு மனமே இல்லை. ஐந்திலிருந்து நாலுக்கு இறங்குகிறோமாம். ஓட்டிக் காட்டினேன். பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் எண்ணெய் தள்ளத் தொடங்கிவிடும், வண்டி எறும்பு மாதிரி நகரும். நெல் காயும் சாலையில் ஆக்சிலரேட்டரைத் தொடவே வேண்டாம். கரை ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தால் பின்னால் உருள்வது ஒரு சாண்கூட இல்லை. அந்த முதல் வாரமே சாக்கையும் கயிற்றையும் தூக்கிப் போட்டேன். பாட்டில்கள் எப்போதாவது ஒரு முறை முனகும், அவ்வளவே. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் அரை மணி நேரம் ஊர்ந்து ஊர்ந்து பழகியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆக, ஐந்தைவிட நாலு மேல் என்று ஊர் பூராவும் சொல்லிக்கொண்டிருந்தேன், கொல்லிமலை போகும் வரை.

குடும்பத்தோடு அறப்பளீசுவரர் கோயிலுக்குப் போனோம். காரவள்ளியிலிருந்து மேலே எழுபது கொண்டை ஊசி வளைவுகள். அங்கேதான் நாலு கியரின் கணக்கு உதைத்தது. நாலு கியர் பெட்டிகளில் வழக்கமாக முதல் கியரின் விகிதம், அதாவது பெட்டியிலிருந்து ஒரு சுற்று வெளியே வர உள்ளே எத்தனை சுற்று வேண்டும் என்பது, 2.8 பக்கம் இருக்கும், இரண்டாவது 1.5 சொச்சம், மூன்றாவது 1.0, நாலாவது 0.7. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே ஒன்றரை மடங்கு இடைவெளி. மலையில் இரண்டாவதில் போனால் எஞ்சின் அலறுகிறது. பாவம் என்று மூன்றாவது விழுந்தால் இழுவை செத்துப்போகிறது. உடனே மறுபடி இரண்டு. எழுபது வளைவும் இதே கூத்து. பின் சீட்டில் மாமியார் கண்ணை மூடிக்கொண்டு அறப்பளீசுவரரைக் கூப்பிட்டபடி வந்தார். அன்றைக்கு டிக்கியில் பாட்டில்களுக்குப் பதில் டிபன் கேரியர். புளியோதரை தப்பித்தது, மோர் தப்பவில்லை.

அப்போதுதான் கியர் எண்ணிக்கை எதற்கு என்பது எனக்குப் புரிந்தது. எங்கள் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். பழைய மதகுகளில் பலகை போட்டுத் தண்ணீரை நிறுத்துவார்கள். ஒரு பலகையை எடுத்தால் இவ்வளவு தண்ணீர், இரண்டை எடுத்தால் அவ்வளவு. பலகை அகலமாக இருந்தால் ஒன்றை எடுக்கும்போது வயலுக்குப் போதாது, அடுத்ததையும் எடுத்தால் வரப்பு உடையும். அதே உயரத்துக்குக் குறுகிய பலகைகளாக நிறையப் போட்டால் வேண்டிய அளவுக்குத் திறக்கலாம். கியர் கூடுவதும் அப்படித்தான். எஞ்சினுக்குச் சுகமான சுற்று வேகம் ஒன்று உண்டு. எந்தச் சாலையிலும் அந்தச் சுகத்தை விட்டு அதிகம் விலகாமல் அதை வைத்திருக்கக் குறுகிய பலகைகள் உதவும்.

இன்னொன்றும் உண்டு. மதகின் மொத்த உயரம். முதல் கியர் எவ்வளவு கீழே, கடைசி கியர் எவ்வளவு மேலே என்பது. நாலு கியர் பெட்டியில் முதலை கடைசியால் வகுத்தால் நாலு வரும். இப்போதைய ஆறு கியர் பெட்டிகள் பலவற்றில் ஆறு. ஜெர்மனியின் இசட்.எஃப். செய்யும் புகழ்பெற்ற எட்டு கியர் பெட்டியில் ஏழு. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து உருவாக்கிய பத்து கியர் பெட்டி, 2017-இல் ஃபோர்டின் எஃப்-150 லாரியில் வந்தது. அதில் 7.4. வீட்டுக்காரரிடம் இந்த நாலு எண்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். பார்த்துவிட்டு, "நாலுலேர்ந்து ஆறுக்குப் போனா ரெண்டு கூடுது. எட்டுலேர்ந்து பத்துக்குப் போனா அரைகூடக் கூடலியே" என்றார். அதேதான். எட்டுக்கு மேல் மதகு அதிகம் உயரவில்லை, பலகைதான் மெலிகிறது.

எட்டு கியர் என்றால் எட்டு ஜோடிப் பல்சக்கரம் வரிசையாக இருக்கும் என்றும் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். மேனுவலில் அப்படித்தான். ஆட்டோமேட்டிக்கில் கோள் பல்சக்கரங்கள்: நடுவில் ஒரு சூரியன், சுற்றிலும் சின்னச் சின்னக் கோள்கள், வெளியே ஒரு வளையம். இந்த மூன்றில் எதைப் பிடித்து நிறுத்துகிறோம், எதைச் சுழல விடுகிறோம் என்பதைப் பொறுத்து விகிதம் மாறும். அந்த இசட்.எஃப். எட்டு கியரில் இப்படி நாலு தொகுதிதான். அவற்றைப் பிடித்து விட ஐந்து கிளட்ச், பிரேக்குகள். நாலு தொகுதியிலிருந்து எட்டு முன்கியரும் ஒரு ரிவர்ஸும் எடுக்கிறார்கள். இதைக் கேட்டதும் அவருக்கு மரியாதை வந்துவிட்டது. வரிசை மாற்றக் கணக்கு நடத்திய மனுஷன்.

சரி, இப்போது வைத்திருக்கும் வண்டி. 2023 தையில் வாங்கியது. ஒன்றரை லிட்டர் பெட்ரோல், ஆறு கியர், டார்க் கன்வர்ட்டர். மாருதி 2022-இல் எர்டிகாவிலும் பிரெஸ்ஸாவிலும் பழைய நாலு கியரை எடுத்துவிட்டு ஆறு கியர் போட்ட பிறகு, இந்த வகை எங்கள் பக்கத்திலும் நிறையத் தென்படுகிறது. அதே கம்பெனி 2023-இல் ஜிம்னியை நாலு கியரோடுதான் கொண்டுவந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லா வண்டிக்கும் ஒரே மருந்து என்று அவர்களும் நினைக்கவில்லை.

கிராமத்துக்குள் ஆறு கியருக்கும் நாலு கியருக்கும் வித்தியாசம் குறைவு. உண்மையைச் சொன்னால் வாங்கிய முதல் மாதம், வீணாகக் காசு கொடுத்துவிட்டோமோ என்று நினைத்தேன். ஸ்பீடு பிரேக்கர், ஆடு, பள்ளிக்கூடப் பேருந்து, நெல், மறுபடி ஸ்பீடு பிரேக்கர் என்று போகும் சாலையில் நாலாவதுக்கு மேல் பெட்டி போவதே அபூர்வம். நாலு கியர் வண்டியில் கிராமங்களில் மட்டும் ஓட்டினால் லிட்டருக்குப் பதினொன்றரை கிடைத்தது. இதில் பன்னிரண்டேகால். என் டயரியில் ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் எழுதிவைக்கிறேன், அதனால் இது ஊகமில்லை. முக்கால் கிலோமீட்டருக்காக யாரும் வண்டி மாற்ற மாட்டார்கள்.

நாலு வழிச் சாலையில்தான் கதை வேறு. மருந்து வாங்க மாதம் இரண்டு முறை திருச்சி போகிறேன். தஞ்சாவூர் தாண்டி நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது நாலு கியர் வண்டியின் எஞ்சின் நிமிடத்துக்கு 2,500 சுற்றை ஒட்டிச் சுற்றும். இதில் 2,100. கேட்க ஒன்றும் பெரிதாகத் தெரியாது, ஆனால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வந்தால் காது சொல்லும். பழையதில் வல்லம் வருவதற்குள் ரேடியோவை அணைத்துவிடுவேன், எஞ்சின் இரைச்சலோடு சேர்ந்து தலைவலி. இப்போது திருச்சி வரை நாகஸ்வரம் கேட்டுக்கொண்டு போகிறேன். மைலேஜ் அந்தச் சாலையில் பதினாலிலிருந்து பதினேழரைக்கு ஏறியது. ஆறாவது கியர் காரணம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் பாதிப் பெருமை பூட்டுக்கும் போக வேண்டும். வேகம் நிலைப்பட்டதும் டார்க் கன்வர்ட்டரின் இரண்டு பக்கத்தையும் ஒரு கிளட்ச் இறுக்கிப் பிடித்துவிடும், எண்ணெய் வழுக்கல் நின்றுவிடும். பழைய பெட்டிகளிலும் இது உண்டு. இதில் இன்னும் கீழ் வேகத்திலேயே பூட்டிக்கொள்கிறது.

கொல்லிமலைக்கு மறுபடி போனோம், மாமியார் இல்லாமல். ஒன்றரைக்கும் ஒன்றுக்கும் நடுவே இந்தப் பெட்டியில் 1.16 பக்கம் ஒரு கியர் இருக்கிறது. அந்த ஒன்று போதும், அலறலும் இல்லை, செத்துப்போவதும் இல்லை. இறங்கும்போது லீவரை, கியரை நாமே தேர்ந்தெடுக்கும் 'எம்' (M) பக்கம் தள்ளி இரண்டாவதில் வைத்துவிட்டேன். எஞ்சினே பிடித்துக்கொண்டு வந்தது, பிரேக் நாற்றம் இல்லை. பெட்டியே கியரைத் தேர்ந்தெடுக்கும் 'டி'-யிலேயே (D) விட்டுவிட்டு மலை இறங்குகிறவர்களை வழி நெடுகப் பார்க்கலாம், வளைவுக்கு வளைவு பின் விளக்கு சிவந்துகொண்டே இருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. முந்துவதற்குச் சட்டென்று மிதித்தால் ஐந்திலிருந்து மூன்றுக்கு இறங்க அரை நொடி யோசிக்கும். சீர்காழி சாலையில் வைக்கோல் லாரியை முந்தும்போது அரை நொடி நீளமானது. அதனால் முந்துவதற்கு முன்பே லீவரைத் தட்டி நாலாவதுக்கு இறக்கிவிடுகிறேன். காலை முதல் இரண்டு கிலோமீட்டர், எண்ணெய் சூடாகும் வரை, இரண்டிலிருந்து மூன்று கொஞ்சம் முரட்டுத்தனமாக விழும். மார்கழியில் பாட்டில்கள் ஒரு முறை கிணுங்கும். பிறகு நாள் முழுக்க மௌனம்.

கியர் ஆயில் விஷயத்தில் ஒரு சர்வீஸ் நிலையத்தில் "இது ஆயுசுக்கும் மாத்த வேண்டாம் மேடம்" என்றார்கள். யாருடைய ஆயுசு என்று கேட்டேன், சிரித்தார்கள். என் மெக்கானிக் அறுபதாயிரத்தில் மாற்றச் சொல்கிறார். நான் அவர் பேச்சைத்தான் கேட்பேன். புதிதில் சிவப்பாக இருந்தாலும், சூட்டிலேயே கிடக்கும் எண்ணெய் எதுவும் என்றைக்கும் சிவப்பாகவே இருக்காது.

இரட்டைக் கிளட்ச், சி.வி.டி. இரண்டையும் கேட்பீர்கள். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒன்று, இரட்டைப்படைக்கு ஒன்று என்று இரண்டு கிளட்ச் வைத்து, அடுத்த கியரை முன்கூட்டியே மாட்டி வைத்திருப்பது டி.சி.டி. சென்னையில் அக்கா மகன் ஏழு கியர் வைத்திருக்கிறான். வேகமாக மாற்றுவதில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் ஊர்ந்து போகும் நெரிசலில் அதன் உலர் கிளட்ச் சூடாகி எச்சரிக்கை போட்டதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நெல் சாலைக்கு அதைக் கொண்டுவர மாட்டேன். சி.வி.டி.யில் கியரே கிடையாது, அகலம் மாறும் இரண்டு கப்பிகளும் நடுவே ஒரு பட்டையும். பலகை மதகுக்குப் பதில் திருகு வைத்துத் தூக்கும் ஷட்டர் மதகு என்று வைத்துக்கொள்ளுங்கள், எந்த அளவிலும் நிறுத்தலாம். நெதர்லாந்தின் டாஃப் கம்பெனி 1958-லேயே இதைக் காரில் போட்டுவிட்டது. டெஸ்ட் டிரைவில் பாட்டில்கள் ஒரு முறைகூட வாய் திறக்கவில்லை. பிடிக்காதது சத்தம். மிதித்தால் எஞ்சின் ஒரே சுருதியில் போர்செட் மாதிரி நின்று கத்துகிறது, வண்டி பின்னால்தான் வருகிறது. சில கம்பெனிகள் அதில் ஏழு பொய்க் கியர்களை எழுதி வைக்கின்றன. என் வீட்டுக்காரர் அந்த ஏழையும் எண்ணினார்.

தஞ்சாவூரில் இருக்கும் தங்கையின் மின்சார வண்டிக்கு ஒரே ஒரு கியர். மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு இழுவையைக் கொடுக்கும், நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேலும் சலிக்காமல் சுற்றும், அதனால் மாற்றுவதற்கு வேலையே இல்லை. போர்ஷே டைக்கான் மாதிரி ஒருசில மின்சார வண்டிகளில்தான் பின் சக்கரங்களுக்கு இரண்டு கியர் வைத்தார்கள். போன மழைக்காலத்தில் என் வண்டி சர்வீஸில் இருந்தபோது அதை வாங்கிக்கொண்டு படுகைக்குள் இறங்கினேன். ஏறும்போது நடு ஏற்றத்தில் வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தேன். நின்றது. மிதித்தேன், ஏறியது. சத்தமும் இல்லை, நாற்றமும் இல்லை, உருளலும் இல்லை. கூட வந்த பையன், "கியரே இல்லாத வண்டிதாம்மா உங்களுக்குச் சரி" என்றான். இரவு இரண்டு மணிக்கு அழைப்பு வரும்போது சார்ஜ் பதினெட்டு சதவீதம் என்றால் மாட்டுக்காரரிடம் என்ன சொல்வது என்று தெரிந்ததும் நானும் யோசிக்கிறேன்.

அதுவரை ஆறு. எங்கள் மண்ணில் படுகைக்கும் கிராமத்துக்கும் மட்டும் ஓட்டுகிறவர் என்றால், நல்ல நிலையில் நாலு கியர் டார்க் கன்வர்ட்டர் இரண்டாம் கையாகக் கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம், மிச்சப் பணத்துக்கு ஒரு பசு வாங்கலாம். மாதத்தில் சில நாட்களாவது திருச்சியோ சென்னையோ போகிறவர் ஆறுக்குக் கொடுக்கும் காசு திரும்பி வரும். எட்டுக்கும் பத்துக்கும் இங்கே சாலை போதாது.

என் தம்பி அதை ஒப்புக்கொள்ளவில்லை. எட்டு கியர் வண்டி ஒன்றை ஓட்டிப் பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமை திருச்சி போகிறான், மாமாவையும் கூட்டிக்கொண்டு. "அக்கா, நீயும் வா" என்றான். டிக்கியில் பன்னிரண்டு கண்ணாடி பாட்டில் வைத்து ஓட்ட விடுவார்களா என்று முதலில் அவர்களிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.